குழிக்கு மேலே கைமாறிய கிதார்

“செத்தவனுக்குப் பொம்மையைக் குடுத்தா அனுப்பப் போற?”

போஷிதார் இதை மூன்றாவது முறையாகக் கேட்டபோது அவர் குரல் வேலியைத் தாண்டிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் மிலேவா கோழிகளுக்குத் தீனி இறைத்துக்கொண்டிருந்தாள். கோழிகள் கூண்டுக்குள்தான் இருந்தன. அது அவளுக்கும் தெரியும்.

செத்தவரின் மனைவி பெர்ஸா கோதுமைப் பானையைக் கிளறுவதை நிறுத்தவில்லை. “பொம்மை இல்ல அத்தான். இருபது வருஷம் இந்த வீட்டுக்கு ரொட்டி போட்ட கிதார்.”

“கருப்பு கிதாரு! கதவுப் பலகையில கம்பி கட்டினாக்கூட அதைவிட நல்லாப் பேசும். சிவப்பைக் குடு. என் தம்பியோட வாசிப்பே அதுலதான் இருந்துச்சு.”

“அவர் வாசிப்பு அவர் கையில இருந்துச்சு.”

“அதை ஏன் ஒளிச்சு வைக்கிற? வியன்னாவுல விக்கலாம்னா?”

மிலேவாவின் கை தீனிச் சட்டிக்குள்ளேயே நின்றது. ஊரே கேட்க நினைத்து, நாகரிகம் கருதி முதுகுக்குப் பின்னால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

பெர்ஸா கரண்டியைப் பானையின் விளிம்பில் இரண்டு தரம் தட்டிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

உள்ளே, முன்னறையில், த்ராய்லோ கல்யாணங்களுக்கு வாசிக்கப் போகும் சாம்பல்நிறக் கோட்டில் படுத்திருந்தார். கண்ணாடியில் வெள்ளைத் துணி தொங்கியது. டான்யூப் ஆற்றிலிருந்து காலையில் கிளம்பிய மூடுபனி திறந்த ஜன்னல் வழியே உள்ளே வந்து, மெழுகுவர்த்திகளைச் சுற்றிக்கொண்டு, யாரோ துக்கம் கேட்க வந்தவர்போல் அங்கேயே தங்கிவிட்டது. சுவரோரம் இரண்டு கிதார்களும் சாய்ந்திருந்தன. சிவப்பு அமெரிக்கக் கிதார். பக்கத்தில் செக் நாட்டுத் தொழிற்சாலையில் செய்த கருப்பு, முனையெல்லாம் வண்ணம் உதிர்ந்தது.

அந்த ஊரில் செத்தவரைச் சும்மா அனுப்பமாட்டார்கள். அவருக்கு அங்கே என்னென்ன வேண்டுமோ, குவளை, துண்டு, ஒரு கோழி, அதையெல்லாம் திறந்த குழிக்கு மேலாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நிற்கும் வேறு வீட்டுக்காரர் கையில் கொடுக்கவேண்டும். வாங்கியவர் இங்கே குடித்தால் அவர் அங்கே குடிப்பார். இங்கே துடைத்தால் அங்கே துடைப்பார். கொடுக்க மறந்த பொருள் அவருக்கு அங்கே இல்லவே இல்லை. வாங்கியவர் பரணில் போட்டுவிட்டாலும் அதே கதைதான். பக்கத்துத் தெருவில் ஒருத்தி புருஷனுக்குச் சீப்பு கொடுக்க மறந்துவிட்டு, கனவில் அவன் பரட்டைத் தலையோடு வந்து வாசலிலேயே நிற்கிறான் என்று இன்றைக்கும் அழுகிறாள். அவனுக்கு உயிரோடிருந்தபோதே வழுக்கை என்பதை யாரும் அவளுக்கு நினைவுபடுத்துவதில்லை.

குழிக்கு அந்தப் பக்கம் நின்று கிதாரை வாங்கப்போவது தாமேதான் என்று போஷிதார் முடிவு செய்திருந்தார். செத்தவரின் அண்ணன், வியன்னாவில் தனிக் குடித்தனம், அந்தக் கிதாரின் அருமை தெரிந்தவர். எல்லாம் சரி. ஆனால் அவருக்கு வாசிக்கத் தெரிந்தது அக்கார்டியன். கிதாரை வியன்னாவுக்குக் கொண்டுபோய், தன் வீட்டுச் சுவரிலிருக்கும் மான்கொம்புக்குக் கீழே ஆணியடித்து மாட்டுவார். வருகிறவர்களுக்குக் காட்டுவார். இங்கே அது சுவரில் தொங்கினால் அங்கே த்ராய்லோ கிதாரை வைத்துக்கொண்டு தொடாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதற்காகத்தான் பெர்ஸா கருப்பு, கருப்பு என்று நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். கருப்பை அவர் மான்கொம்புக்குக் கீழே மாட்டமாட்டார். யாராவது வாசிக்கிறவனிடம் தள்ளிவிட்டுப் போவார்.

த்ராய்லோவும் வியன்னாவில் இருந்தவர்தான். ஆறு குளிர்காலம் அடுத்தவர் வீட்டுச் சுவர்களுக்கு வண்ணம் பூசி அந்தச் சிவப்பை வாங்கினார். பேருந்தில் அதற்குத் தனி டிக்கெட் எடுத்து, ஜன்னலோர இருக்கையில் ரஜாய் சுற்றி உட்கார வைத்துக் கூட்டிவந்தார். புதுப்பெண்ணைப் பார்க்க வருவதுபோல் ஊர் வந்து பார்த்தது. அன்றைக்குப் பிடித்தது சனியன். அதுவரை கல்யாணத்தில் வாசித்து முடித்தால், “த்ராய்லோ, உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்” என்பார்கள். அதற்குப் பிறகு, “என்ன கிதார்டா அது, என்ன குரல்!” என்றார்கள். சரியாக அமையாத நாளில் மட்டும், “த்ராய்லோவுக்கு வயசாகுது” என்றார்கள். நல்லது கிதாருக்கு, கெட்டது அவருக்கு என்று ஊர் பாகம் பிரித்துவிட்டது.

விலை உயர்ந்த கிதாரால் வாசிப்பு மாறுமா என்பதில் ஊர் இரண்டாகப் பிளந்து கிடந்த அந்த வசந்தத்தில், மதுக்கடையில் ஒரு சோதனை வைத்தார்கள். ஈஸ்டருக்கு வந்திருந்த போஷிதார்தான் ஏற்பாடு. மேஜை விரிப்பு இரண்டைத் தைத்துத் திரையாகக் கட்டினார்கள். திரைக்குப் பின்னால் த்ராய்லோ, ஸ்பீக்கர் பெட்டி, இரண்டு கிதார். வாசிக்காத கிதாரைப் பிடித்துக்கொள்ள பெர்ஸா. ஒரே மெட்டை இரண்டு முறை வாசிப்பார். எது சிவப்பு என்று வெளியே இருப்பவர்கள் சொல்லவேண்டும்.

முதல் முறை த்ராய்லோ கருப்பில் வாசித்தார். முடித்து ஒயரைப் பிடுங்கினார். பெர்ஸா சிவப்பை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. உதட்டில் விரலை வைத்து அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நாற்காலியைச் சத்தமாக நகர்த்தி, ஒயரை மறுபடி அதே கருப்பில் செருகினார். மறுபடி அதே மெட்டு. கொஞ்சம் மெதுவாக. தண்ணீருக்கடியில் யாரோ நடந்துபோவதுபோல்.

திரையை விலக்கியபோது போஷிதார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். “ரெண்டாவதுதான் சிவப்பு. தொண்டையில தேன் விட்ட மாதிரி. என்னைக் குருடாக்கிட்டுக் கேட்டாலும் சொல்லுவேன்.” பாதிக் கடை ஆமோதித்தது. மீதிக் கடை முதலாவதுதான் என்றது. மூலையில் வோயின், டிராக்டர் பழுது பார்ப்பவன், எதிர்க் குழுவில் கிதார் வாசிப்பவன், “ரெண்டும் ஒரே கிதார்தான்” என்றான். பிளம் பிராந்தி சிந்தச் சிந்தச் சிரித்தார்கள். அன்றிலிருந்து வோயினுக்கு ஊரில் ‘ஒரே கிதார்’ என்று பெயர். திருச்சபைப் புத்தகத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அந்தப் பெயர்தான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது பெர்ஸா கேட்டாள், “ஏன் சொல்லல?”

“அண்ணன் அழுதுட்டாரு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?”

“பாவம், வோயினைப் பாத்து அப்படிச் சிரிக்கிறாங்க. அவன்கிட்டயாவது சொல்லலாம்ல?”

“அவன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? அவனுக்குத்தான் தெரியுமே.”

“அப்ப யாருக்கும் வித்தியாசம் தெரியாதுன்னா, எதுக்குய்யா ஆறு குளிர்காலம் போய்க் கிடந்த?”

பாலம் வந்ததும் அவர் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார், “கேக்குறவங்களுக்குத் தெரியாது. ஆனா அதைப் பிடிச்சா என் கை பயப்படாது, பெர்ஸா.”

இது ஊருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் விட்டுவைத்திருக்குமா?

அடக்கத்துக்கு முந்தின நாள் காலை, மூச்சு நூலாகிவிட்ட நேரத்தில், த்ராய்லோ கிதார் கேட்டார். பெர்ஸா பதற்றத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்து அவர் மடியில் வைத்தாள். கண்ணை மூடியபடியே அவர் இடது கை கழுத்துப் பலகையில் ஒரு சாண் ஊர்ந்தது. “இது இல்ல” என்றார். குனிந்து பார்த்தாள். கருப்பு. அதை எடுத்துவிட்டுச் சிவப்பை வைத்தாள். கை நின்றது. முகத்தில் இருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. ஒரு கம்பியைத் தொட்டார். ஸ்பீக்கர் பெட்டி இல்லாத மின்சாரக் கிதாருக்குக் கொசுவின் குரல்தான். அந்தக் கொசுக்குரல் அறை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி ஜன்னல் வழியாக வெளியே போனதை அவள் பார்த்ததுபோலவே இருந்தது. வெளிச்சமில்லாமல் போனால் அங்கே இருட்டிலேயே இருக்கவேண்டும் என்பதால் அவர் வலது கையில் மெழுகுவர்த்தியை வைத்து, மேலே தன் கையை மூடிப் பிடித்துக்கொண்டாள். ஒரு சொட்டு மெழுகு சிவப்பு உடலில் விழுந்து வெள்ளையாக உறைந்தது. அதைத் துடைக்கவேண்டும் என்று அவள் நினைத்தபோது துடைக்காததற்குத் திட்ட ஆளில்லை.

இப்போது அவள் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இடது விரல் நுனிகள் இன்னும் தடித்துக் கிடந்தன. கருப்பைக் கொடுத்துவிட்டால், அங்கே தினமும் யாரோ அவரை வாசிக்கச் சொல்வார்கள். அவர் கை ஒரு சாண் ஊர்ந்து நின்றுவிடும். இது இல்ல. என்றென்றைக்கும் இது இல்ல. சிவப்பைக் கொடுத்தாலோ மான்கொம்பு.

வியன்னாவிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் வந்திருந்த மகள் யெலிட்ஸா வாசலில் தலைநீட்டி, “அம்மா, குழி வெட்டினவங்க சாப்பிட வந்திருக்காங்க” என்றாள்.

ஜன்னல் வழியே பார்த்தாள். நான்கு பேர் மூடுபனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக முளைத்து வந்தார்கள். கடைசி ஆள் மண்வெட்டியைத் தோளில் சாய்த்திருந்த விதம், எங்கிருந்து பார்த்தாலும் கிதார் சாய்த்திருப்பதுபோல்தான் இருந்தது.

பெர்ஸா முற்றத்துக்குப் போய், “சரி அத்தான், சிவப்புதான்” என்றாள்.

போஷிதார் உடனே அவளைத் தழுவி, அவனுக்கு நீ எப்பவும் நல்ல பெண்டாட்டி என்று சொல்லி, அழுதார். அது நிஜமான அழுகைதான். அந்த மனிதரிடம் பொய் கிடையாது. காதுதான் கிடையாது.

மதியம் ஊர் முழுக்கக் குன்றேறியது. பாதிரியார் பாடி முடித்தார். குவளை கைமாறியது, துண்டு கைமாறியது, கோழி கைமாறும்போது கொஞ்சம் சத்தம் போட்டது. போஷிதார் குழிக்கு அந்தப் பக்கம் போய், வியன்னாக் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் ஏந்தி நின்றார். பெர்ஸா சிவப்புக் கிதாரை எடுத்தாள். அவருக்கு நேராக வந்தாள். நிற்கவில்லை. இன்னும் நான்கு எட்டு வைத்து, குழியின் கால்மாட்டுக்குப் போனாள். அங்கே எதிரே குழி வெட்டியவர்கள் நின்றிருந்தார்கள்.

“வோயின்” என்றாள்.

அவன் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தான். பிறகு மண்வெட்டியை மண்ணில் குத்திவிட்டு, களிமண் கைகளைக் கால்சட்டையில் தேய்த்தான். போதவில்லை என்று சட்டையிலும் தேய்த்தான்.

“பெர்ஸா!” போஷிதாரின் கைகள் இன்னும் ஏந்தியபடியே இருந்தன. “அவன் ரெண்டும் ஒரே கிதார்னு சொன்னவன். அவன்கிட்டயா?”

“ஆமா அத்தான்” என்றாள் பெர்ஸா. “அவன்கிட்டதான்.”

ஊரில் யாருக்கும் புரியவில்லை. வோயின் மட்டும் தலை குனிந்துகொண்டான். அவள் குழிக்கு மேலே கிதாரை நீட்டினாள். கீழே பலகைப் பெட்டியின்மேல் அதன் நிழல் ஒரு கணம் நீளமாக விழுந்தது.

“இங்க உன் கையில, அங்க அவர் கையில” என்று வழக்கமான சொல்லைச் சொன்னாள். பிறகு வழக்கத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்தாள். “சுவத்துல மாட்டிடாத.”

“மாட்டமாட்டேன் அக்கா.”

வாங்கியவன் மெழுகுச் சொட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கட்டைவிரலால் அதன் ஓரத்தைத் தொட்டு, விரலை எடுத்துவிட்டான்.

கிதார் கைமாறியதற்கு அர்த்தம் கற்பிக்க ஊருக்கு ஓராண்டு ஆனது. வோயினைப் பெர்ஸா கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று மிலேவா கோழிமேல் சத்தியம் செய்தாள். கட்டிக்கொள்ளவில்லை. போஷிதார்தான் அந்த இலையுதிர்காலத்தில் மூன்றாவது கல்யாணம் செய்துகொண்டார், வியன்னாவில் சிகையலங்காரக் கடை வைத்திருப்பவளை. மான்கொம்புக்குக் கீழே அவள் தன் படத்தை மாட்டியிருக்கிறாள். தம்பி இரண்டாவதாக வாசித்த அந்த மெட்டைப் பற்றிச் சொல்லும்போது அவருக்கு இன்னும் கண் கலங்குகிறதாம். பெர்ஸா வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு போய்விட்டாள். கருப்பை ரஜாயில் சுற்றி எடுத்துப் போனாள். தனி டிக்கெட் எடுத்தாளா என்று யாருக்கும் தெரியவில்லை. மிலேவா கேட்கத்தான் கேட்டாள்.

போன ஆகஸ்டில் மிலேவாவின் கடைசி மகளுக்குக் கல்யாணம். வோயின் குழுதான் வாசித்தது. ஆட்டம் நடுவில் இருக்கும்போது மிலேவா பெர்ஸாவுக்குப் போன் போட்டு, யார் யார் என்னென்ன உடுத்தி வந்திருக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் சொன்னாள், “அந்த ‘ஒரே கிதார்’ இருக்கானே, சரியான அழுக்குப் பயல். கிதாரைத் துடைக்கிறதே இல்ல. இத்தனை வருஷமா ஒரு மெழுகு அப்படியே ஒட்டிக் கிடக்கு. நான் நகத்தால சுரண்டப் போனேன், கையைத் தட்டிவிட்டுட்டான்.”

லைன் போய்விட்டதோ என்று மிலேவா இரண்டு தரம் ஹலோ சொன்னாள்.

“மிலேவா” என்றாள் பெர்ஸா. “போனைக் கொஞ்சம் அந்தப் பக்கம் பிடி.”

மிலேவா பிடித்தாள். கேட்பதற்கு ஆயிரம் கேள்வி இருந்தும் ஒன்றும் கேட்காமல், மெட்டு முடியும்வரை, கை மரத்துப் போனபிறகும் பிடித்துக்கொண்டு நின்றாள்.