தோற்றவர்களின் உயரம்

எங்கள் பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் போட்டிகளில் தோற்கும் அணி, தன் உயரத்தில் கொஞ்சத்தை ஜெயித்த அணிக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆட்டம் முடிந்து இரண்டு அணிகளும் வரிசையாகக் கைகுலுக்கும்போது அது கைமாறும். வலி எதுவும் இருக்காது. உள்ளங்கை லேசாகக் குளிரும். குனிந்து பார்த்தால் ஜெர்சி தொடையில் இறங்கியிருக்கும்.

நாகர்கோவிலில் நாங்கள் படித்த கல்லூரி அணிக்கு அந்த வருஷம் நான் கேப்டன். முதல் ஆட்டத்தில் பைபாஸ் ரோட்டுப் பொறியியல் கல்லூரியிடம் ஒரே புள்ளியில் தோற்றோம். கைகுலுக்கிவிட்டு வந்தோம். அடுத்த ஆட்டத்தில் எங்கள் கைகள் பந்தை எட்டவில்லை. அதற்கடுத்ததில் எதிரணி எங்கள் தலைக்கு மேலேயே பந்தை மாற்றி மாற்றிப் போட்டு ஆடி முடித்தது.

வீட்டில் என் தம்பி சுஜின் என்னைவிட உயரமாகிவிட்டான். சில நாள் அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மீனின் நடுத்துண்டை அவனுக்கு வைத்தாள். அப்பா வந்தவர்களிடம் சுஜினைக் காட்டி, "இவன் மூத்தவன், அது இளையவன்" என்று சொல்லத் தொடங்கினார்.

"லே ரெஜின், பைக்கைத் தொடச்சு வை" என்றான் சுஜின்.

"சரிண்ணே" என்றேன்.

சீசனின் பாதியில் பி.டி. சார் எங்களை மைதானத்தில் உட்காரவைத்தார். ஒரு வங்கி தன் அணிக்கு ஆள் எடுக்கப்போகிறது, எங்கள் கல்லூரியிலிருந்து ஒருவனை எடுக்கும், நிரந்தர வேலை. ஆனால் உயரம் பார்ப்பார்கள்.

"இனிமேயும் நாம தோக்கத்தான் போறோம். எல்லாருமாக் குறைஞ்சா ஒருத்தனும் தேற மாட்டான். அதனால ஒருத்தன் மட்டும் கை குடுக்காண்டாம். அவன் பங்கையும் சேத்து மத்தவன் குடுக்கட்டும்" என்றார்.

அது நானாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். பாதி எழுந்தும்விட்டேன். அவர் எனக்குப் பின்னால் இருந்த சுயம்புவைக் காட்டினார். நான் கால் மரத்துப்போனவன்போல உதறிவிட்டு உட்கார்ந்தேன்.

சுயம்புலிங்கம் மணவாளக்குறிச்சிக்காரன். முதல் வருஷத்திலிருந்து என் கூட்டாளி. கேன்டீனில் ஒரு புரோட்டா வாங்கினாலும் பிய்த்துப் பாதி எனக்கு வைப்பான். அன்று குழாயடியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"உள்ள போனதும் ஒன்னை இழுத்துக்கிடுவேன் மக்கா. எங்கம்மையாண."

கேப்டன் என்பதால் அவன் பங்கை நானே கொடுப்பதாகச் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் சுயம்பு தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பான். நான் வரிசையில் ஒரு முறை போய்விட்டு, திரும்பவும் கடைசியில் போய் நிற்பேன்.

"இது யாருக்கு?" என்று எதிரணியினர் கேட்பார்கள்.

"அவனுக்கு" என்று காட்டுவேன். அவர்கள் கையை நீட்டுவார்கள்.

சீசன் முடியும் தறுவாயில் நான் சுயம்புவின் இடுப்புக்கு இருந்தேன். எனக்குப் பந்து கொடுக்க அவன் குனிய வேண்டியிருந்தது. குனிந்தால் முதுகு கெட்டுவிடும் என்று பி.டி. சார் சொன்னதால் கொடுப்பதை நிறுத்திக்கொண்டான். கேன்டீனிலும் அவன் உயரத்துக்கு ஏற்ற வேறு மேஜைக்குப் போய்விட்டான்.

கடைசி ஆட்டம் மலையோரத்துக் கல்லூரியோடு. அவர்கள் எங்களைவிடவும் அதிகமாகத் தோற்றிருந்தார்கள். ஜெர்சி காலில் தடுக்காமலிருக்க முடிச்சுப் போட்டிருந்தார்கள். அவர்களுடைய கோச் இரண்டு பேரை ஆளுக்கொரு தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அவர்களை ஜெயித்தோம். சுயம்பு நின்ற இடத்திலிருந்தே எல்லாப் புள்ளிகளையும் எடுத்தான்.

ஜெயித்தால் வரும் உயரம் எனக்கு என்று முன்பே பேசி வைத்திருந்தோம். கொடுத்ததில் அதிகம் நான்தானே.

அவர்களுடைய கேப்டன் அனந்தகிருஷ்ணன் உள்ளங்கையை ஜெர்சியில் துடைத்துக்கொண்டு முதலில் வந்தான். அவனும் மூன்றாம் வருஷம்தான். ஆனாலும் என்னை அண்ணே என்றான்.

"இவ்வளவுதாண்ணே மிச்சம். கோவிச்சுக்கிடாதீங்க."

அந்த சீசனில் அன்றுதான் நான் ஒருவனுக்காகக் குனிந்தேன். எப்படி அதை வாங்குவது என்று யோசித்து நின்றுவிட்டேன். அதற்குள் என் தலைக்கு மேலிருந்து நீளமான கை ஒன்று இறங்கி வந்தது. சுயம்பு அனந்தகிருஷ்ணன் கையைப் பற்றிக் குலுக்கினான். அப்படியே அடுத்தவன், அதற்கடுத்தவன். கடைசிவரை அவனே வாங்கினான். அவர்களுடைய கோச் எல்லோரையும் பொறுக்கித் துண்டில் வைத்துக்கொண்டு வேனுக்குப் போனார்.

"பேங்க்காரன் இன்னும் ரெண்டு விரல் கூடக் கேக்கான் மக்கா. நான் என்ன செய்யட்டும்?" என்றான் சுயம்பு.

"ஒண்ணும் செய்யாண்டாம்" என்றேன். அவன் காதுக்கு அது எட்டியதா என்று தெரியவில்லை.

அவனுக்கு வேலை கிடைத்தது. கல்லூரி அரங்கில் பாராட்டு விழா வைத்தார்கள். பி.டி. சார் ஏணியில் ஏறி அவனுக்கு மாலை போட்டார். சுயம்பு முதல்வருக்கு நன்றி சொன்னான், பி.டி. சாருக்கும் அம்மாவுக்கும் சொன்னான். பிறகு கண்ணை இடுக்கிக் கூட்டத்தைத் தேடினான்.

"நம்ம கேப்டன் ரெஜின் எங்க?"

நான் முன்வரிசையில் நாற்காலி மேல் நின்றிருந்தேன். "இங்கதாம்லே இருக்கேன்" என்று கத்தினேன். அவன் பார்வை வாசல் கதவில் இருந்தது.

"வரலை போல" என்றான் மைக்கில். எல்லோரும் கைதட்டினார்கள்.

அவர்கள் பிரியாணிக்குப் போனபோது நான் மைதானத்துக்குப் போனேன். பந்துகள் கிடந்த வலைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் தூக்கி, இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து ரிங்கைப் பார்த்து எறிந்தேன். பந்து ரிங்கைத் தாண்டியது. வேப்பமரத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் தாண்டியது. பிறகு கீழே வரவில்லை.

பி.டி. சார் பல் குத்திக்கொண்டே வந்தார். என்னோடு சேர்ந்து சற்று நேரம் மேலே பார்த்தார்.

"நீயா போட்டே?"

"ஆமா சார்."

"போன வருசத்துக் கேப்டன் போட்டதே இன்னும் எறங்கலை" என்று சொல்லி விளையாட்டுச் சாமான் அறைச் சாவியை என் கையில் வைத்தார். "வந்தா ரெண்டையும் உள்ள போட்டுப் பூட்டிரு, கேட்டியா?"

"சரி சார்" என்றேன். வெயில் அடித்தது. வேப்பமரத்து நிழலுக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.