ஒரு விரல் கனம்

நாற்பத்தொரு நாளும் ஆறு மணி நேரமும். ஜன்னலோர மேஜை எழுத்தாளர் கைக்கு வந்து அவ்வளவு காலம் ஆகியிருந்தது. கணக்கு வைத்தவள் அக்கா. எழுத்தாளருக்கு வயது பத்து. வீட்டில் 'கேள்வி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நான் நாவல் எழுதப்போறேன்" என்று அவள் அறிவித்த அன்றே அக்காவின் பாடப்புத்தகங்கள் இஸ்திரிப் பலகைக்குக் குடிபோயின. டிவி வாயை மூடிக்கொண்டது. பாத்திரம் தேய்க்கும் முறையும் அக்கா தலையில் விழுந்தது. நாவல் எழுதும் கையில் சோப்பு படலாமா?

எழுத்தாளரும் சும்மா இருக்கவில்லை. கதாநாயகி மாடிப்படி இறங்கினால் எத்தனை படி என்று தெரிய வேண்டாமா? கட்டடம் முழுக்க ஏறி இறங்கி எண்ணினாள்: எழுபத்திரண்டு. அழுதால் கண்ணீர் தாடைக்கு வர எவ்வளவு நேரம்? வெங்காயமும் கடிகாரமும் வைத்துப் பார்த்தாள்: பதினொரு வினாடி. வாசகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுத் தரப் பழகினாள். அதற்கே ஒரு நோட்டு தீர்ந்தது.

"எவ்வளவு ஆச்சுடி?" என்பாள் அம்மா.

"போய்க்கிட்டே இருக்கும்மா."

"எங்க போகுதுன்னு சொன்னா நானும் வழியனுப்ப வருவேன்ல," என்பாள் அக்கா. அவளுக்கு அடுத்த வாரம் பரீட்சை.

சித்தி, கல்லூரி வாசலில் பைண்டிங் கடையில் வேலை பார்ப்பவள். போன வாரம் கேட்டாள்: "எத்தனை பக்கம் வரும்? அட்டையோட முதுகுக்கு அளவு வேணும்டி."

'கேள்வி'க்குக் கேட்டுத்தான் பழக்கம், பதில் சொல்லிப் பழக்கமில்லை. ஆள்காட்டி விரலைக் குறுக்கே நீட்டினாள். "இந்தக் கனம்."

இன்று சாயங்காலம் சித்தி அட்டையோடு வந்து நின்றாள். நீலத் துணி. முதுகு அச்சாக ஒரு விரல். பொன்னெழுத்தில் தலைப்பு, அதன் கீழே எழுத்தாளரின் பெயர். உள்ளே மட்டும் காலி.

"தாளெல்லாம் கொண்டா. தைச்சு ஒட்டிடலாம்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அக்காகூட இஸ்திரிப் பலகையை விட்டு எழுந்தாள். "எடுத்துட்டு வாடி. நிஜமாவே படிக்கணும்போல இருக்கு."

அக்கா கிண்டல் செய்திருந்தால் எழுத்தாளர் சமாளித்திருப்பாள். கண்ணீர் வெங்காயம் இல்லாமலே வந்தது. தாடைக்கு வரப் பதினொரு வினாடிகூட ஆகவில்லை.

"அக்கா, மேஜையை நீயே எடுத்துக்கோ."

"ஏன்டி? என்னாச்சு?"

"நான் இன்னும் ஒரு வரிகூட எழுதல."