கட்டைவிரல் துளை

அவளுக்கென்று சொந்தமாக ஒரு பந்து வேண்டும் என்பது கணவனின் ஆசை. அவளுக்கு அப்படியொன்றும் தோன்றவில்லை. செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் அவளோடு வேலை பார்த்தவர்கள் சேர்ந்து, கனத்த பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் ஆட்டத்துக்கு ஒரு அணி வைத்திருந்தார்கள். வாரம் ஒருநாள் வேலை முடிந்து பௌலிங் அரங்குக்குப் போவார்கள். அங்கே வரிசையாகக் கிடக்கும் பொதுப் பந்துகளில் கைக்கு ஒத்துவருவதைப் பொறுக்கி உருட்டுவார்கள். முன்பல்லுக்கு நிறம் தீட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பதால் அணியில் அவளைப் 'பல்லக்கா' என்றார்கள். அதுவும் தேய்ந்து 'பல்லக்கு' ஆகிவிட்டது. அவள் பந்தோடு நடந்தால், "பல்லக்கு வருது, வழி விடுங்க" என்று யாராவது குரல் கொடுப்பார்கள்.

கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். அவனுக்கு ஆடத் தெரியாது. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்துகொண்டு, கட்டைகள் சரியும்போதெல்லாம் தானே சாய்த்ததுபோல நிமிர்ந்து உட்காருவான். அப்படி உட்கார்ந்திருந்த ஒருநாள்தான், "உனக்குன்னு ஒண்ணு வாங்கிடலாம். கல்யாண நாளுக்கு என்ன வாங்கறதுன்னு நானும் மண்டையை உடைச்சுக்க வேண்டாம்" என்றான்.

அரங்கின் மூலையில் பந்துக் கடை இருந்தது. பந்து விற்பதும் அவரவர் கைக்கேற்ப விரல் துளை போட்டுக் கொடுப்பதும் ஒரே ஆள். அளவெடுக்கும் பந்தில் அவள் விரல்களை நுழைத்து, உள்ளங்கையை விரித்து, கடைக்காரர் அளந்துகொண்டார். அவர்களுக்கு அடுத்தபடியாக ஒரு லாரி ஓட்டுநர் காத்திருந்தார். முறம் மாதிரிக் கை. "அவர் கையில நாம ரெண்டு பேரும் உட்கார்ந்துக்கலாம்" என்று கணவன் அவள் காதில் சொன்னான்.

பந்து வந்தது. கருநீலத்தில் மெல்லிய சிவப்பு ரேகைகள். இரண்டு விரல்களை நுழைத்துவிட்டுக் கட்டைவிரல் துளையைத் தொட, அவள் கையை இழுத்துப் பிளக்க வேண்டியிருந்தது. துளையும் தொளதொளவென்று இருந்தது. நழுவாமலிருக்க இறுக்கிப் பிடித்தால், துளையின் விளிம்பு கட்டைவிரலின் அடியில் அறுத்தது. கணவன் போனில் படமெடுத்துக்கொண்டிருந்தான். அவள் சிரித்து வைத்தாள்.

மறுவாரம் அவள் தனியாகக் கடைக்குப் போய்ச் சொன்னாள். கடைக்காரர் துளைக்குள் இரண்டு டேப் பட்டைகளை ஒட்டிக் கொடுத்தார்.

"புதுப் பந்துன்னா கொஞ்ச நாள் அப்படித்தாம்மா இருக்கும். கை பழகிடும்."

தொழில் தெரிந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் பழகிக்கொள்ளப் பார்த்தாள். வலித்த இடம் சில வாரங்களில் மரத்துப் போனது. பழகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். ஒரு காலையில் பல் கூடத்தில் தூரிகையைப் பிடித்தபோது, கட்டைவிரலின் ஒரு பக்கம் அங்கே இருப்பதே தெரியவில்லை.

அவள் அம்மாவுக்கு முதலில் போனது கட்டைவிரல்தான். சட்டைப் பொத்தான் போட வரவில்லை என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். அடுத்தடுத்து மற்ற விரல்கள், கை, தோள், கடைசியில் விழுங்குவதும் நின்றது. ஸ்பூனால் ஊட்டி, வழிந்ததைத் துடைத்தது அவள்தான். ஆகவே இது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வந்துவிட்டது, அவ்வளவுதான்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. டாக்டரிடம் போனால் உறுதியாகிவிடும் என்று போகவில்லை. பந்தை மட்டும் விடவில்லை. விட்டால் கணவன் ஏன் என்று கேட்பான். அதோடு, கையை உபயோகித்துக்கொண்டே இருந்தால் நோய் கொஞ்சம் தள்ளிப் போகும் என்று ஒரு நப்பாசை. கூடத்தில் நிறம் பிசகத் தொடங்கியது. ஒரு பெண்ணுக்குச் செய்த முன்பல் விரலிடுக்கிலிருந்து நழுவித் தரையில் விழுந்து உடைந்தது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்வதற்குள் போய்விட வேண்டும் என்று, குடும்ப வேலை அதிகம் என்றொரு காரணத்தைச் சொல்லி அவளே நின்றுவிட்டாள்.

வீட்டில் அதையும் மறைத்தாள். கணவனிடம் சொல்லிவிட வேண்டாம் என்று அணியில் இருந்தவர்களைக் கேட்டுக்கொண்டாள். வழக்கம்போலக் கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு, வழக்கம்போலத் திரும்பினாள். ஏதோ கேட்கக் கணவன் கூடத்துக்குப் போன் செய்தபோது குட்டு உடைந்தது.

"வேலைய விட்டுட்டு தினமும் எங்க போய்க்கிட்டிருந்தே?"

"லைப்ரரில உட்கார்ந்திருந்தேன்."

"எதுக்கு?"

அவள் கையை நீட்டினாள். "அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சுங்க."

அவன் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். அந்த வாரமே அவளை நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனான்.

டாக்டர் ஊசி வைத்துச் சோதித்தார், மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். கட்டைவிரலின் அடியில் அழுத்தியதும் அவள் துள்ளினாள். தோலுக்குக் கீழே சிறிய முடிச்சு ஒன்று உருண்டது.

"உங்கம்மாவோட வியாதி இல்ல இது. இந்த இடத்துல போற ஒரே ஒரு நரம்புதான் நசுங்கியிருக்கு. எதையாவது இறுக்கிப் பிடிக்கிற வேலை பண்றீங்களா?"

அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கணவன் சொல்லிவிட்டான்: "பந்து."

"அதை விட்டுடுங்க. கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா முழுசா சரியாகியிருக்கும். இப்ப எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது."

சாகப்போவதில்லை என்று தெரிந்த சந்தோஷம் மருத்துவமனைப் படி இறங்குவதற்குள் கரைந்துவிட்டது. ஒன்றுமில்லாததற்கா வேலையை விட்டோம் என்ற நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

பந்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்கள். கடைக்காரர் அவள் கையை மறுபடி அளந்தார். பிறகு பந்தை அளந்தார். அளவுகோலைக் கீழே வைத்தவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மாறிப் போச்சு" என்றார். "அன்னிக்கு உங்களுக்கு அடுத்து ஒருத்தர் இருந்தாரே. அவர் அளவு உங்களுக்கு, உங்க அளவு அவருக்கு."

"அவர் வந்து ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டாள்.

"சொன்னார். விரலே நுழையலன்னு சத்தம் போட்டார். அன்னிக்கே துளைய அடைச்சு, புதுசாப் போட்டுக் குடுத்துட்டேன்."

"நான் வந்து கேட்டதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"அப்புறம். ரெண்டு நாள் கழிச்சு."

"அப்ப என்னோடதும் தப்புன்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியும்."

"நீங்க திரும்பக் கடைப்பக்கம் வரல. சரியாப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டேம்மா."

"நினைச்சீங்களா, இல்ல அப்படி இருந்தா தேவலைன்னு இருந்துட்டீங்களா? என் போன் நம்பர் உங்ககிட்ட இருந்ததே."

"இருந்துச்சு." அவர் அளவுகோலை ஓரமாகத் தள்ளினார். "போன் எடுக்கப் போனேன். தப்பு என்னுதுன்னு என் வாயாலயே சொல்லணுமேன்னு நாளைக்கு நாளைக்குன்னு விட்டுட்டேன். பந்தைக் குடுத்துட்டுப் போங்க. சரியாப் போட்டுத் தரேன்."

அவள் கட்டைவிரலை அவர் முன்னால் நீட்டினாள். "இதை?"

கடைக்காரர் பந்தை எடுத்து மேசைக்குக் கீழே வைத்தார். கணவன் கத்தப்போகிறான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் அதற்குள் வெளியே போயிருந்தான். கார் நிறுத்துமிடத்தில் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தான்.

"வலிக்குதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க அவ்வளவு ஆசையா வாங்கிக் குடுத்தீங்க."

"அதுக்காக?"

அவள் போய்க் காரில் ஏறிக்கொண்டாள்.

அவள் திரும்ப வேலை கேட்டுப் போனபோது, பல் கூடத்தில் அவள் இடத்துக்கு வேறொரு பெண் வந்திருந்தாள். கெட்டிக்காரி. முதலாளி சங்கடப்பட்டு, ஜிப்சம் மாவு குழைத்துப் பல் அச்சு வார்க்கும் மேசையைக் கொடுத்தார். அதற்கு நுணுக்கமான விரல் தேவையில்லை. பழைய மேசையில் ஒருநாள் தூரிகையை எடுத்துப் பார்த்தாள். பிடித்திருக்கிறோமா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வைத்துவிட்டு மாவுக்குத் திரும்பினாள். பந்து கடையிலேயே கிடந்தது. அணியில் அவளுக்குப் பதில் அந்தப் பெண் ஆடினாள்.

கணவன் தினமும் வேலையிலிருந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டு அவள் பக்கத்தில் உட்காருவான். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி கட்டைவிரலை நீவிவிட்டு, நகத்தால் லேசாக அழுத்துவான்.

"தெரியுதா?"

ஆரம்பத்தில் அவன் முகத்துக்காக, "கொஞ்சம் தெரியுது" என்று சொல்லிவந்தாள். ஒருநாள் அவன் இன்னும் அழுத்தவே இல்லை, அதற்குள் அவள் அப்படிச் சொல்லிவிட்டாள். அவன் அவளைப் பார்த்தான். கோபமாகவெல்லாம் இல்லை. பார்த்தான், அவ்வளவுதான்.

பிறகு அழுத்தினான். "இப்ப?"

"இல்லங்க" என்றாள். "தெரியல."

அவன் தலையாட்டிவிட்டு, விரலை விடாமல் மறுபடியும் நீவத் தொடங்கினான்.