புலியின் வலது கண்

கண் மருத்துவர்கள் வட்டாரத்தில் புலி என்றால் அது ஒருவர்தான். அவர் தும்மினால் மாடி ஜன்னல்கள் தாமாகவே சாத்திக்கொள்ளும். முறைத்தால் பேஷண்ட்டின் கண்புரை பயந்துபோய்த் தானே கரைந்துவிடும் என்றுகூடப் பேச்சு. அந்தப் புலிக்கே இரண்டு கண்ணிலும் புரை முற்றி, கட்டிய மனைவியைப் பார்த்து, "சிஸ்டர், அடுத்த ஆளை வரச் சொல்லுங்க" என்று சொல்லும் நிலைமை வந்தது.

ஊரிலிருந்த சர்ஜன்களில் முக்கால்வாசிப் பேர் அவரிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள். அவர் கண்ணுக்குள் கத்தி வைக்க வேண்டும் என்றாலே கை கிடுகிடுத்துவிடும். நடுங்காத கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கிழிசல் டாக்டருடையது.

அந்தப் பட்டப்பெயரை வைத்தவரும் புலிதான். பல வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகை முதலாளிக்கு ஆபரேஷன் நடந்தபோது, புரையைத் தாங்கி நிற்கும் பின்பக்கச் சவ்வு கிழிந்து, புரைத் துண்டு கண்ணின் அடியாழத்துக்குப் போய்விட்டது. வெங்காயத் தோலைவிட மெல்லிய அந்தச் சவ்வைக் கிழித்தது புலி. பக்கத்தில் நின்று, கண் காயாமல் சொட்டுத் தண்ணீர் விட்டது மட்டும்தான், அப்போது அவருக்கு அசிஸ்டென்ட்டாக இருந்த அவள் செய்த வேலை. வெளியே வந்ததும் புலி கையுறையைக் கழற்றியபடியே, "அந்தப் பொண்ணு என் கையை இடிச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே கான்டீன்காரர், "கிழிசல் டாக்டருக்கு ஒரு காபி!" என்று கத்தினார்.

அவள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கரியாய்க் கறுத்த புரை, ஆட்டம் கண்ட லென்ஸ், விரியவே விரியாத கண்பாப்பா என்று ஊரே கைவிட்ட கேஸ்களையெல்லாம் தேடித் தேடி எடுத்துச் செய்தாள். பேர் மட்டும் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. கருத்தரங்க மேடையில் ஏறினால், பின்வரிசையிலிருந்து எவனாவது துணி கிழிகிற மாதிரி வாயால் சத்தம் கொடுப்பான். கிழித்தது யார் என்பது கிழித்தவர் வாயாலேயே வரவேண்டும் என்று அவள் காத்திருந்தாள்.

"உன் மேல எனக்கு எந்தக் கோபமும் இல்லம்மா" என்றார் புலி, அவளுடைய ஆஸ்பத்திரிக்கு வந்ததும் வராததுமாக.

"ரொம்ப சந்தோஷம் சார். ஆபரேஷனை மாடி வகுப்புல டாக்டருங்க டிவியில பார்க்கலாமா? மைக்கும் இருக்கு."

"தாராளமா பார்க்கட்டும்! என் கண்ணுன்னா பாடப்புத்தகம் மாதிரி. என் வீட்டம்மாவையும் முன்வரிசையில உட்கார வை."

மரத்துப்போகச் சொட்டு மருந்து மட்டும்தான். மயக்கம் கிடையாது. முகத்தை மூடிய பச்சைத் துணிக்கு அடியில் புலி முழு விழிப்போடு கிடந்தார். முதல் கீறல் போட்டதுமே கருவிழித் திரை, ஈரத்துணி காற்றில் படபடப்பதுபோல ஆடிக்கொண்டு வெளியே வரப் பார்த்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சார், ப்ராஸ்டேட் மாத்திரை எதுவும் சாப்பிடறதில்லன்னு செக்கப்ல சொன்னீங்களே?"

துணிக்கு அடியில் ஒரு முணுமுணுப்பு.

"மைக்ல விழல சார்."

"சாப்பிடறேன்! வருஷக்கணக்கா சாப்பிடறேன், போதுமா! கேட்டவன் என் பழைய ஸ்டூடண்ட். அவன்கிட்டப் போய் எப்படிச் சொல்றது?"

அந்த மாத்திரை திரையைத் தொளதொளவென்று ஆக்கிவிடும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவரே அவர்தான். மாடியில் எழுந்த சிரிப்பில் கீழே மருந்து பாட்டில்கள் குலுங்கின.

அவள் சிரிக்கவில்லை. சின்னச் சின்னக் கொக்கிகளை மாட்டித் திரையை இழுத்துக் கட்டினாள். கருங்கல்லாய் இறுகியிருந்த புரையைப் பிளந்து பிளந்து உறிஞ்சினாள். புது லென்ஸை வைத்தாள். கொக்கிகளைக் கழற்றி, கீறலை மூடி, எல்லாக் கருவிகளையும் வெளியே எடுத்தாள். சவ்வு ஒரு கீறல்கூட இல்லாமல் பளிங்காக நின்றது. இனி புலி மேஜையில் துள்ளிக் குதித்தாலும் கண்ணுக்கு ஆபத்தில்லை.

"சிஸ்டர், அந்த விட்ரெக்டமி கட்டரைக் கொஞ்சம் ஓட்டிப் பாருங்க."

சவ்வு கிழிந்தால்தான் அந்தக் கருவி கண்ணுக்குள் போகும். மற்றவர்களுக்கு அது கொசுச் சத்தம். புலிக்கோ காதுக்குள் இடி.

"கட்டரா? எதுக்குக் கட்டர்? கிழிஞ்சிடுச்சா?"

கட்டர் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி, பழி வாங்கிட்டியா?"

"நான் பழி வாங்கற அளவுக்கு நீங்க என்ன சார் பண்ணீங்க?"

"அன்னைக்குக் கிழிச்சது நான்தாம்மா! நான்தான்! நீ தண்ணி மட்டும்தான் விட்ட! என் கண்ணைக் காப்பாத்து தாயே!"

"கட்டர் நல்லாத்தான் ஓடுது சிஸ்டர், எடுத்து வெச்சிடுங்க" என்றாள் அவள். "சார், உங்களுக்கு லென்ஸ் வெச்சு முடிச்சாச்சு. சவ்வு முழுசா இருக்கு."

மறுநாள் காலை கட்டைப் பிரித்ததும் புலி, எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை படித்தார். எதிரே நின்றவளும் நன்றாகவே தெரிந்தாள்.

"நேத்து மயக்கத்துல ஏதோ உளறிட்டேன் போல."

"மயக்க மருந்தே குடுக்கலையே சார்."

"உளறலா?" என்றாள் பக்கத்திலிருந்த மனைவி. "வீட்டுக்கு வந்தவங்க ஒருத்தர் விடாம இந்தப் பொண்ணு கையை இடிச்ச கதையைச் சொன்னீங்களே, நானும் காபி ஆத்திக் குடுத்துக்கிட்டே கேட்டேனே! இனிமே வர்றவங்களுக்குக் கதை நான் சொல்றேன். காபி நீங்க போடுங்க."

புலி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பூனைக் குரலில் கேட்டார்: "இடது கண்ணை எப்போம்மா பண்ணலாம்?"

அவள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இது ரொம்பக் கஷ்டமான கேஸ் சார்."

"ஏன், என்ன ஆச்சு?"

"நேத்திலிருந்து உங்க பழைய அசிஸ்டென்ட்டுங்க வரிசையா போன் பண்றாங்க. இடது கண்ணு பண்றப்போ அவங்கவங்க தலையில நீங்க கட்டின கேஸைப் பத்தியும் கேக்கணுமாம். எல்லாரையும் உட்கார வெக்க மாடியில நாற்காலி பத்தாது சார்."