கன்றை ஒளித்த சனிக்கிழமை

விடியும்போதே ஒய்ரிக் கன்றைப் பார்த்துவிட்டாள். கல் மதிலுக்குப் பின்னால், போன வருஷத்துப் பெரணிச் செடிகள் காய்ந்து கிடந்த பள்ளத்தில், செம்பட்டை உருண்டையாகச் சுருண்டு படுத்திருந்தது. தாய் நக்கி உலர்த்திய மயிர். வாயோரத்தில் சீம்பால் பிசுக்கு. தாய் புயாக்கைத்தான் காணவில்லை. எங்கள் தீவின் சடைமாடுகள் அப்படித்தான். கன்றை ஒளித்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் தூரத்தில் போய் மேயும். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாது.

வீட்டில் அவள் கணவன் லாக்லன் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை கிளாஸ்கோவில் சரக்குக் கப்பல் ஏற வேண்டும். ஏறினால் ஏழெட்டு மாதம். இன்றைய படகை விட்டால் அடுத்தது திங்கள்கிழமைதான். ஞாயிறு கர்த்தரின் ஓய்வுநாள்; அன்று எங்கள் தீவுக்குப் படகு வராது. கொடியில் துணிகூடக் காயப்போட மாட்டோம்.

"புயாக் ஈன்னுட்டா," என்றாள் ஒய்ரிக். "கன்னைத்தான் காணோம்."

அவன் கை நின்றது. "எங்கயாவது ஒளிச்சு வச்சிருப்பா."

"தலையீத்து. ஓடையில விழுந்திருந்தா?"

பையைத் தோளில் போட்டுக்கொண்டே அவன் வந்தான். புயாக் எந்தப் பக்கம் போகிறாள் என்று பார்க்க இருவரும் மேட்டில் உட்கார்ந்து ஓட்ஸ் ரொட்டியைப் பிட்டுத் தின்றார்கள். கீழே புயாக், நெற்றிமயிர் கண்ணை மூட, கடலுக்கு முகம் காட்டி மேய்ந்துகொண்டிருந்தாள்.

"எவ்வளவு திமிரு பாரு," என்று சிரித்தான் லாக்லன். "நம்ம ஊரு டார்கில் வாங்கினானே பிரெஞ்சுக்கார வெள்ளை மாடு, ஒவ்வொரு ஈத்துக்கும் கயித்தைக் கட்டி இழுக்கிறான் பாவம். நம்ம மாட்டுக்குக் கொட்டகை வேண்டாம், தவிடு வேண்டாம், டாக்டர் வேண்டாம். மழையில நனைஞ்சுக்கிட்டு, கண்ட புல்லையும் தின்னுட்டு, உடம்புல கறியா வைக்குது. பதினஞ்சு வயசுலயும் கன்னு போடுது."

"வீட்டுல ஆம்பளையும் வேண்டாம். அதை விட்டுட்டியே."

அவன் இன்னும் பலமாகச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில்கூடப் புருஷன்மேல் சாணி நாற்றம் என்று டார்கிலின் மனைவி தேவாலய வாசலில் புலம்புவாள். அதைக் கேட்கும்போதெல்லாம் ஒய்ரிக்குக்குப் பொறாமையாக இருக்கும்.

"இதுங்களை வித்துட்டு நாமளும் வெள்ளை மாடு வாங்கலாமா?"

"பைத்தியமா உனக்கு? ஒரு ஈத்துக்கு ரெண்டு பேர் நிக்கணும்."

"தெரியும்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு கடலைப் பார்த்தான். முனையைச் சுற்றிக்கொண்டு படகு வந்துகொண்டிருந்தது. ஒருமுறை ஊதியது.

அப்போது புயாக் பக்கவாட்டில் திரும்பினாள். நேற்றுவரை வெடித்துவிடும்போல் இருந்த மடி ஒரு பக்கம் தொய்ந்து கிடந்தது. காம்புகள் கழுவியதுபோல் பளபளத்தன. எங்கள் ஊரில் யாருடைய கண்ணும் முதலில் போகிற இடம் அதுதான். ஒய்ரிக் அதை மறந்துபோயிருந்தாள்.

"கன்னு குடிச்சிருக்கு," என்றான் லாக்லன் மெதுவாக.

அவள் பூட்ஸில் ஒட்டியிருந்த பெரணிச் சருகை அவன் எடுத்து விரலில் உருட்டினான்.

"மதிலுக்குப் பின்னாலயா?"

"ம்."

"நல்லா இருக்கா?"

"இருக்கு. உன் தலை மாதிரியே செம்பட்டை."

படகு துறையில் நின்றது. ஓடினால் இப்போதும் பிடித்துவிடலாம். அவன் எழுந்து பையைத் தோளில் மாட்டினான். அவள் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரி," என்றான். "நாம இங்க உக்காந்திருக்கிற வரைக்கும் அவ பிள்ளைகிட்டப் போகமாட்டா. வீட்டுக்குப் போவோம்."

இறங்கும்போது அவன் கை அவள் முதுகில் இருந்தது. பின்னால் படகு மறுபடி ஊதிக் கிளம்பியது. ஒய்ரிக் திரும்பவில்லை. திங்கள்கிழமைப் படகின் ஊதல் அவளுக்கு இப்போதே கேட்டது. புயாக் மட்டும் மேய்வதை நிறுத்தி, அவர்கள் கண்ணைவிட்டு மறையட்டும் என்று காத்து நின்றாள்.