ஜல்லி ரோட்டில் விழாத மனுஷன்

மழை நின்றதும் கொரட்டூர் ஏரிக்கரை ரோட்டுக்கு ஒரு லாரி வரும். பள்ளம் கண்ட இடத்திலெல்லாம் மண்ணையும் பொடி ஜல்லியையும் கொட்டிவிட்டுப் போய்விடும். அதன்மேல் தார் ஊற்ற யாரும் வரமாட்டார்கள்; அது அடுத்த தேர்தல் சமாசாரம். பொங்கல் வருவதற்குள் பள்ளத்தில் கிடக்கவேண்டிய ஜல்லி ரோடு முழுக்க இறைந்து கிடக்கும். போதாததற்கு மார்கழிப் பனி வேறு. காலை ஷிப்டுக்கு வண்டியில் போகிறவர்களில் தினம் ஒருத்தனாவது முட்டியைப் பேர்த்துக்கொள்வான்.

எத்திராஜ் மட்டும் விழமாட்டான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் அவன் ஃபிட்டர். பதினாறு வருஷமாக ஒரே ராஜ்தூத் பைக், ஒரு சிராய்ப்பு கிடையாது. இதைக் கேட்டுக் கேட்டு அவன் மனைவி ஜெகதாம்பாளுக்குக் காது புளித்துப்போயிருந்தது. விழுந்து எழுந்து ரத்தத்தோடு டீக்கடைக்கு வருகிறவனை நிற்கவைத்தே அவன் வகுப்பெடுப்பான்.

"ஜல்லிய பாத்தா ஆக்ஸிலேட்டர வுட்ரணும். ஹேண்டிலு நேரா நிக்கணும். வளைவுல வண்டிய சாய்க்கக் கூடாது. முன் பிரேக்க தொட்ட, அவ்ளோதான், ரோட்ட கட்டிக்கினு படுக்க வேண்டியதுதான். இதுகூட தெரியாம உனுக்கு இன்னாத்துக்கு வண்டி?"

சொல்வதெல்லாம் சரிதான். சொல்லும்போது அந்த மூஞ்சியைத்தான் ஜெகதாம்பாளால் பார்க்க முடியாது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒற்றுமை உண்டு. அதே கம்பெனியில் வேலை செய்யும் சண்முகசுந்தரம், ஜல்லியைக் கண்டால் டிவிஎஸ் ஃபிஃப்டியை விட்டு இறங்கி, மாட்டை ஓட்டிப்போகிறவன் மாதிரி அதைத் தள்ளிக்கொண்டே போவான். அவனையும் அவன் பெண்டாட்டி புஷ்பாவையும் பேசிச் சிரிக்காமல் இவர்கள் வீட்டில் சோறு இறங்காது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஜனவரியில் கம்பெனியில் சாலைப் பாதுகாப்பு வாரம் கொண்டாடினார்கள். விபத்தே இல்லாமல் வண்டி ஓட்டியவருக்கு வெள்ளிக்கிழமை பரிசு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். எத்திராஜைத் தவிர யாருக்குக் கிடைக்கும்?

புதன்கிழமை காலை ஜெகதாம்பாளைக் கொரட்டூர் ஸ்டேஷனில் இறக்கிவிடக் கூட்டிக்கொண்டு போனான். அவளுக்கு வில்லிவாக்கத்தில் ரெடிமேட் கம்பெனியில் வேலை. ஏரிக்கரை வளைவுக்கு முன்னால் சண்முகசுந்தரம் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"இன்னா சம்முகம், வண்டிக்கு கால் வலிக்குதா?" என்று கத்திவிட்டு எத்திராஜ் முறுக்கினான். ஜெகதாம்பாளும் சிரித்தாள். வளைவு திரும்பியும் அவன் கழுத்து திரும்பவில்லை. பின்னால் பார்த்துப் பல்லை இளித்துக்கொண்டே இருந்தான். எதிரில் ஜல்லி. பயத்தில் பிடித்தானே ஒரு பிடி, முன் பிரேக்கை! பதினாறு வருஷ வகுப்பும் ஒரு நொடியில் காற்றோடு போயிற்று. அவள் மண்மேட்டில் உருண்டு, அடி படாமல் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். அவன் வலது கையை ஊன்றி விழுந்தான்.

சண்முகசுந்தரம் வளைவைத் தாண்டி வருவதற்குள் எத்திராஜ் எழுந்து, வண்டியை நிமிர்த்தி, எஞ்சின் பக்கம் குந்தி உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாண்ணே, வண்டி நின்னுபோச்சா?"

"ஆமா, பிளக்கு" என்றான் எத்திராஜ். நெற்றியெல்லாம் வேர்வை. சண்முகசுந்தரம் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்விட்டான்.

மணிக்கட்டு சாயந்திரத்துக்குள் பன்னாய் வீங்கிவிட்டது. "எலும்பு உட்டுக்கினுகீதுய்யா. இன்னிக்கே போயி புத்தூர் கட்டு போட்டுக்க" என்றாள் ஜெகதாம்பாள்.

"வெள்ளிக்கெயம வரைக்கும் வாய மூடிக்கினு இருமே. கட்டோட போனா பரிசு எவனுக்கு தருவான்?"

"ஸ்பேனர் புடிக்கற கைய்யா அது. அது போச்சின்னா சோத்துக்கு இன்னா பண்றது?"

அவள் கம்பெனியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த லோகநாயகி இப்படித்தான் கை ஒடிந்தும் கட்டுப் போடாமல் நாளைக் கடத்தினாள். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. இப்போது பாதிச் சம்பளத்துக்குத் தரையில் உட்கார்ந்து பிசிறு நூல் பொறுக்குகிறாள். இதை எத்தனை தடவை சொன்னாலும் எத்திராஜ் காதில் ஏறவில்லை. வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்று பொய் சொல்லி பஸ்ஸில் போனான். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, வேலையை மற்றவர்கள் தலையில் கட்டினான். ஒரு கேடுகெட்ட பரிசுக்காகக் கையையே கொடுக்கத் துணிந்த மனுஷனைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வெறுப்பாக வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் கேண்டீனில் விழா. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். புஷ்பா தேடி வந்து ஜெகதாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மேடையில் எத்திராஜ் அதே வகுப்பை எடுத்தான். முன் பிரேக்கைத் தொடாதீர்கள் என்று அவன் சொன்னபோது ஜெகதாம்பாளுக்கு எழுந்து போய்க் காறித் துப்பலாம் போலிருந்தது. மேனேஜர் எவர்சில்வர் குடத்தைக் கொடுத்து, வலது கையைப் பிடித்து நாலு குலுக்கு குலுக்கினார். எத்திராஜ் சிரித்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. கூட்டம் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டது.

"பின்னால உட்கார்ந்து போறவங்கதான் உண்மையைச் சொல்லணும். அம்மா ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்றார் மேனேஜர்.

ஜெகதாம்பாள் உடனே எழுந்தாள். நல்லதாயிற்று. இத்தனை பேர் முன்னால் போட்டு உடைத்துவிட்டால் பரிசு போகும், அவன் கொழுப்பும் அடங்கும், இன்றைக்கே கட்டுப் போட்டுவிடலாம். கை பிழைக்கும். மைக் முன்னால் போய் நின்றாள். "எல்லாருக்கும் வணக்கம்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தாள்.

புஷ்பா வாயைத் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணில் அப்பட்டமான பொறாமை. ஜெகதாம்பாளை இதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"எங்க ஊட்டுக்காரு பின்னாடி குந்திக்கினா எனுக்கு பயமே கெடயாது" என்றாள். "ஜல்லியோ மண்ணோ, ஒரு நாளு வண்டி சாஞ்சதில்ல. சில பேரு மாதிரி எறங்கி தள்ற பொழப்பு எங்களுக்கு இல்லீங்க."

கேண்டீன் அதிரக் கைதட்டினார்கள். சண்முகசுந்தரம் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். புஷ்பா தலையைக் குனிந்துகொண்டாள். ஜெகதாம்பாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தச் சுகம் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் எத்திராஜ் தரையில் சரிந்து உட்கார்ந்தான். விரலெல்லாம் நீலம் பாரித்திருந்தது.

"தாங்க முடிலமே, ஜெகதா. நீ சொன்னதுதான் சரி. பரிசுதான் வாங்கியாச்சே, காலைல போயி கட்டு போட்டுக்கலாமா?"

அவள் குடத்தை எங்கே வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டோட போயி நீ நின்னா, அந்த புஷ்பா மூஞ்சில நான் எப்டிய்யா முயிக்கறது? ஒரு மாசம் போவட்டும். பல்ல கடிச்சிக்கினு கெட."

அவள் சொன்னபடியே அவன் கிடந்தான்.