காத்திருப்பு அறையில் ஒரு வாத்து

என் மனைவிக்கு அறுபதாவது வயதில் உளவியல் ஆனர்ஸ் படிக்கும் எண்ணம் வந்தது. வந்த எண்ணம் திரும்பிப் போகவில்லை. முப்பத்து நான்கு வருடம் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஊரார் பேச்சையெல்லாம் கேட்டும் கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தவள். "இவங்கல்லாம் ஏன் இப்படிப் பேசினாங்கன்னு இப்பவாவது தெரிஞ்சுக்கணும்" என்றாள். காரணம் அவ்வளவுதான். முதல் நாள் அவள் உள்ளே நுழைந்ததும், பேராசிரியர் வந்துவிட்டார் என்று வகுப்பே எழுந்து நின்றதாம். "உட்காருங்க" என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

நான் லிப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. பொய் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் என்மேல் ஒரு பழி வருகிறது.

புள்ளியியல் பாடம் அவளைப் பாடாய்ப் படுத்தியது. சூத்திரங்களைத் தாளில் எழுதி அலமாரி, குளிர்பெட்டி, குளியலறைக் கண்ணாடி என்று கண்ட இடத்தில் ஒட்டினாள். நான் முகச்சவரம் செய்துகொண்டே திட்ட விலக்கம் கணக்கிடக் கற்றுக்கொண்டேன். தாடையில் இரண்டு வெட்டு. வேறு பாதிப்பில்லை. அவளோ ஒரே தேர்வை மூன்று முறை எழுதி, மூன்றாவது முறை அந்தப் பாடத்தைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாள்.

கடைசி வருடம் ஆய்வேடு. அது தேறினால் ஆனர்ஸ், இல்லாவிட்டால் வெறும் பட்டம். அவள் எடுத்துக்கொண்ட விஷயம் வயதானவர்களின் ஞாபகம். அறுபது தாண்டிய நாற்பது பேருக்கு இரண்டு நிமிடப் படம் ஒன்றைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும். ஒரு பெண் அலுவலக அறைக்குள் வருகிறாள், ஜன்னலைத் திறக்கிறாள், தண்ணீர் குடிக்கிறாள், போகிறாள். பிறகு பார்த்தவர் பக்கத்து அறையில் இருபது நிமிடம் சும்மா உட்கார வேண்டும். அதன்பின், பார்த்ததையெல்லாம் எழுத வேண்டும். பாதிப் பேருக்குக் கேள்வித்தாளிலேயே, படத்தில் இல்லாத ஒரு குடையை நைசாக நுழைத்திருந்தாள். எத்தனை பேர் அந்தக் குடையைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி.

காத்திருப்பு அறைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. வீட்டில் சும்மா இருந்தது நான்தான்.

"இதோ பாருங்க, நீங்க சொல்ல வேண்டியது மூணே மூணு வார்த்தை. வாங்க, உட்காருங்க, கூப்பிடுவாங்க. அதுக்கு மேல ஒரு எழுத்து வரக்கூடாது."

"தும்மல் வந்தா?"

"வெளியில போய்த் தும்முங்க."

பதினான்கு பேர் வரைக்கும் நான் கல்லுப்பிள்ளையாராக இருந்தேன். பதினைந்தாவதாக வந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். "நீங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். கேட்ட மனிதருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா? சொன்னேன். லிப்ட் என்று ஆரம்பித்தால் வாத்தைச் சொல்லாமல் எப்படி முடிப்பது?

நான் பராமரித்த ஆறு மாடிக் கட்டடத்துக்குத் தினமும் காலை பத்தே முக்காலுக்கு ஒரு வாத்து வரும். வெள்ளை வாத்து. கழுத்தில் நீல ரிப்பன். இடது காலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடக்கும். லிப்ட் திறந்ததும் ஏறி, நம்மைப் போலவே கதவைப் பார்த்துத் திரும்பி நிற்கும். நான்காவது மாடியில், பல் வைத்தியர் இருக்கும் தளத்தில், இறங்கிவிடும். ஒரு நாள் லிப்ட் பழுது. வாத்து முதல் படியில் உட்கார்ந்து மணி பார்த்தது என்று சிலர் சொல்வார்கள். அதை நான் சொல்ல மாட்டேன். கடிகாரம் இருந்த திசையில் பார்த்தது. அவ்வளவுதான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

தபால்காரரிடம் சொன்னதை அடுத்தவரிடம் சொல்லாமல் விட்டால் பாரபட்சம் காட்டியதாகும். ஆகவே மீதி இருபத்தைந்து பேருக்கும் சொன்னேன்.

விடைத்தாள்களைப் பார்த்த ஆய்வு வழிகாட்டி துள்ளிக் குதித்தார். எங்கள் மகன் வயதுதான் இருக்கும் அவருக்கு. "அம்மா, குடையை விடுங்க! கேள்வியிலயே இல்லாத வாத்தைப் பத்தொன்பது பேர் பார்த்திருக்காங்க. இப்படி ஒரு முடிவை நான் எங்கயும் படிச்சதில்ல!"

அவள் கால் தரையில் படாமல் வீடு வந்து சேர்ந்தாள். தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி மறுபடியும் படித்தாள். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"'ஜன்னல் ஓரம் ஒரு வாத்து.' சரி. 'வெள்ளை வாத்து, கழுத்தில் ரிப்பன்.' ம்." அடுத்த தாளை எடுத்தாள். "'இடது காலைத் தாங்கித் தாங்கி நடந்தது.'"

கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"என்னங்க."

"ம்."

"அந்த வாத்து எந்தக் காலைத் தாங்கித் தாங்கி நடக்கும்?"

"எந்த வாத்து?"

"நாப்பத்தோரு வருஷமா வாடகை கொடுக்காம நம்ம வீட்டுல குடியிருக்கே, அது."

"இடது" என்றேன். நான்தான் சொன்னேனே, பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பீன்ஸாவது ஒழுங்காக நறுக்கியிருப்பேன். எந்த ஆளிலிருந்து சொன்னேன் என்று மட்டும் கேட்டு, அதற்கு முந்தைய பதினான்கு தாள்களை ஒரு பக்கம், இருபத்தாறை மறுபக்கம் என்று பிரித்து, இருபத்தாறின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தாள்.

"யாருக்குத் தெரியப் போகுது? நான் வாயே திறக்கலைன்னு வச்சுக்கோயேன்" என்றேன்.

"வச்சுக்கறதுக்கு இது என்ன சில்லறையா? எனக்குத் தெரியுதே!"

மறுநாள் வழிகாட்டியிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் தொங்கிப்போனது. "சமர்ப்பிக்கப் பத்தொன்பது நாள்தான் இருக்கு. பதினாலு பேரை வச்சு எழுதினா ஆனர்ஸ் கிடைக்காதும்மா. பட்டம் மட்டும் வாங்கிக்கறீங்களா?"

"பட்டம் மட்டும் வாங்கறதுக்கா புள்ளியியலை மூணு தடவை எழுதினேன்? இன்னும் இருபத்தாறு பேரைப் பிடிக்கிறேன்."

"எங்கே போய்ப் பிடிப்பீங்க?"

"இவர் வாய் எட்டாத இடத்துல."

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை சேர்த்தாள். என்னோடு இதுவரை பேசியிருக்கக் கூடாது. எங்கள் பகுதியில் அறுபது தாண்டியவர்களில் அப்படி மூன்று பேர்தான் தேறினார்கள். அதில் ஒருவர் அன்று காலையில்தான் குடிவந்தவர். ஆகவே மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய், அடுத்த ஊர் நூலகத்தில் வரைபட அறையைக் கேட்டு வாங்கினாள். அறை மூன்றாவது மாடியில். லிப்ட் ஓடவில்லை.

"நான் வந்து சரி பண்ணித் தரட்டுமா?"

"கருவிப் பெட்டியை மட்டும் அனுப்புங்க."

முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு தினமும் ஏறினாள். காத்திருப்பு அறையில் எனக்குப் பதிலாக ஒரு காலி நாற்காலியைப் போட்டாள். அது என்னைவிட நன்றாக வேலை செய்ததாகக் கேள்வி. முதல் நாள் இரண்டு பேர். அடுத்த நாள் ஒருவர், அவரும் படம் ஓடும்போதே தூங்கிவிட்டார். அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. மழை பெய்த நாளில் ஆளே இல்லை. அவள் அறையைப் பூட்டாமல் ஆறு மணி வரை உட்கார்ந்துவிட்டு வந்தாள். பதினைந்து நாள் முடிந்தபோது முப்பத்தொன்பது ஆகியிருந்தது. எழுதி முடிக்க மீதி நாள் வேண்டும்.

"நானும் அறுபது தாண்டினவன்தானே? அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லையே" என்றேன். உண்மையிலேயே உதவத்தான் நினைத்தேன்.

"நீங்க படம் பார்க்காமலே எட்டுப் பக்கம் எழுதுவீங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

நாற்பதாவது ஆளை நூலக வாசலில் பிடித்தாள். தையல் கடை வைத்திருந்த அம்மாள். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது.

"இருபது நிமிஷம் சும்மா உட்காரணுமா? யாரும் வந்து பேச மாட்டாங்களா?"

"ஒருத்தரும் வர மாட்டாங்க."

"அட, இதுக்கு நான் எத்தனை வருஷமா காத்திருக்கேன் தெரியுமா!" என்று அந்த அம்மாள் மூன்று மாடியையும் மூச்சு விடாமல் ஏறினாராம்.

வந்த முடிவில் துள்ளிக் குதிக்க ஒன்றுமில்லை. குடையைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலானவர்கள் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார்கள், தெரியாததைத் தெரியாது என்றார்கள். அவளும் அதை அப்படியே எழுதினாள். விலக்கிய இருபத்தாறு பேருக்கு ஒரு தனிப் பத்தி. அதில் நான் வருகிறேன், 'குறுக்கிடும் மாறி', அதாவது முடிவைக் கெடுத்த வெளிக்காரணம், என்ற பெயரில். நாற்பத்தொரு வருடத்தில் அவள் என்னை என்னென்னவோ சொல்லியிருக்கிறாள். அச்சில் போட்டது இதுதான் முதல் தடவை.

சமர்ப்பிக்கும் கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "மாணவி நேர்ல வரணும்மா. பொண்ணை அனுப்புங்க."

"வந்தாச்சு. முத்திரையைக் குத்துங்க."

ஏழு வாரம் கழித்து ஆனர்ஸ் கிடைத்த கடிதம் வந்தது. கூடவே தேர்வாளரின் குறிப்பு, இரண்டே வரி: 'முடிவு சிறியது. நம்பலாம்.' அவள் அதை நின்றபடி ஒரு முறை, உட்கார்ந்து ஒரு முறை படித்தாள். பிறகு எனக்கும் படித்துக் காட்டினாள். 'நம்பலாம்' என்று என்னைப் பற்றி யாரும் இதுவரை எழுதிக் கொடுத்ததில்லை; அந்தக் குறிப்பை வாங்கிக் குளியலறைக் கண்ணாடியில், திட்ட விலக்கம் இருந்த இடத்தில் ஒட்டினேன்.